ஏர்கான் தண்ணீரில் பூச்சோக் பாக்கு

எங்கள் வீட்டில் அதற்குப் பாக்குக் கீரை என்று பெயர். வெற்றிலை பாக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலாய் மொழியில் பெரணிச் செடியைப் பாக்கு என்பார்கள், கொழுந்துக்குப் பூச்சோக். பூச்சோக் பாக்கு என்றால் பெரணிக் கொழுந்து. நுனி சுருண்டு, யானை தும்பிக்கையை மடக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். சந்தையில் ஒரு கட்டு 2, 3 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். தாவரவியலில் டிப்ளேசியம் எஸ்குலென்டம்; எஸ்குலென்டம் என்ற லத்தீன் சொல்லுக்கே சாப்பிடத் தக்கது என்றுதான் பொருள்.

நாங்கள் மலேசியாவில் பார்ப்பது இதன் பரப்பில் ஒரு பகுதி மட்டுமே. அசாமில் தேக்கியா, நேப்பாளத்தில் நியூரோ, குடகில் தெர்மெ, கேரளத்தில் சுருளி, பிலிப்பீன்ஸில் பாக்கோ, எல்லாமே இந்தச் செடிதான். ஓடைக்கரை, சதுப்பு, வாய்க்கால் ஓரம், செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் என்று ஈரமும் சூடும் சேர்ந்த இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன பாட்டி திரும்பி வரும்போது பள்ளத்து ஓடையில் ஒரு கை பறித்து இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு வருவாராம். அன்று சாயங்காலம் பருப்போடு சேர்த்துக் கூட்டு. அந்தத் தோட்டம் இப்போது இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனையாகிவிட்டது. செம்பனைக் கால்வாயிலும் பெரணி செழிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று யாரைக் கேட்பது? பாராக்குவாட்டை 2020 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள், சரி. மற்ற மருந்துகள் இருக்கின்றனவே. போதாததற்குப் பெரணிகளில் சில, மண்ணில் உள்ள நஞ்சை இழுத்துச் சேர்த்து வைக்கும் குணம் கொண்டவை. ப்டெரிஸ் விட்டாட்டா என்ற ஒரு பெரணி ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் குவித்து வைப்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். நம்முடையது வேறு செடிதான். இருந்தாலும் அதைப் படித்த பிறகு நெடுஞ்சாலை ஓரத்துக் கால்வாயில் வண்டியை நிறுத்திப் பறிக்க எனக்குக் கை வரவில்லை.

சந்தைக் கட்டில் வேறு பிரச்சினை. பறித்த சில மணி நேரத்தில் வெட்டுவாய் கறுக்கத் தொடங்கும், மறுநாள் தண்டு நார் பாய்ந்துவிடும். அம்மா ஒரு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துப் பாதியைக் குப்பையில் போடுவார். அதனால் வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

வீடு கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிற வரிசை வீடு. பின்பக்கம் முழுக்கச் சிமென்ட், மேலே வெளிச்சம் பாதி ஊடுருவும் கூரை. காலை வெயில் பத்து மணிவரை சாய்வாக விழும், அப்புறம் வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. மழையும் நேராக விழாது. ஓடைக்கரைச் செடிக்கு இது இடமே இல்லை. ஆனால் ஒன்று இருந்தது: படுக்கையறை ஏர்கான் இரண்டின் கழிவுநீர்க் குழாய்களும் அந்தச் சுவரில்தான் இறங்குகின்றன. ராத்திரி முழுக்கச் சொட்டிச் சொட்டி லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாளி வைத்துப் பிடித்தேன். ஓர் அறைக்கு ஏறக்குறைய 5 லிட்டர். இரண்டுக்கும் சேர்த்துத் தினமும் 10 லிட்டர். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வடிகிற நீர் அது. உப்போ சுண்ணாம்போ கிடையாது, குளோரினும் கிடையாது.

பெரணிக்கு மாமாவிடம் போனேன். பீடோர் பக்கம் கம்பத்து (கிராமத்து) வீடு, பின்னால் மலையிலிருந்து வருகிற சின்ன ஓடை. விஷயத்தைச் சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். "ஏம்பா, கிடக்கிற இடத்துல எல்லாம் கிடக்குது. இதைப் போயி பாத்தி கட்டி வளர்ப்பாங்களா?" அத்தைதான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். ஒவ்வொரு புதரும் பார்க்கக் குட்டிப் பனைமரம் மாதிரி. பழைய இலைக் காம்புகளின் அடிக்கட்டைகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும் ஒரு சாண் உயரத் தண்டு. அதன் உச்சியில் பழுப்புச் செதில்களுக்குள் அடுத்த கொழுந்துகள் முஷ்டி மடக்கி உட்கார்ந்திருந்தன. வேரைப் பார்த்தால் கறுத்த கம்பி. கையில் பிடித்தால் பழைய தேங்காய் நார் போல முரடு. செதில் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன், நடுவில் பழுப்பு, ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடு.

ஒன்பது புதர் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டுக் காரில் ஏற்றினேன். கிளம்பும்போது அத்தை ஜன்னல் பக்கம் வந்து, "ஐயா, கொண்டையை மட்டும் மண்ணுல மூடிடாத" என்றார். தலையாட்டினேன்.

பாத்தியைச் செங்கல்லில் கட்டினேன். நீளம் 2.4 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 35. உள்ளே தடித்த தார்ப்பாலின் விரித்து, அடியில் 10 சென்டிமீட்டருக்குச் சரளைக் கல். அதன் மேல் பழைய கொசுவலை, மண் இறங்காமல் இருக்க. அதற்கு மேல் தோட்டமண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மட்கிய இலை ஒரு பங்கு கலந்து நிரப்பினேன். சரளையின் இடுக்குகளில் எப்படியும் 50 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். மேலே திறந்த நீர் கிடையாது. இந்த ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் தேங்கவிட்டு கொசு முட்டையிட்டால் அபராதம் நிச்சயம் என்பதால் அதில் மட்டும் முதலிலேயே கவனமாக இருந்தேன். ஏர்கான் குழாய் இரண்டையும் ஒரு டி வடிவ மூட்டில் சேர்த்து, அரையடிக்கு ஒரு துளை போட்ட 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயாகப் பாத்தியின் நீளத்துக்கு மேலோடு படுக்க வைத்தேன். செங்கல், தார்ப்பாலின், குழாய், மண் எல்லாம் சேர்த்து 180 ரிங்கிட் ஆயிற்று.

நட்டது ஒரு சனிக்கிழமை. மூன்றாவது வாரம் பின்கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மனைவி முதலில் சமையலறைக் குழாயைச் சந்தேகப்பட்டார். அப்புறம் நான் பாத்தியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மை மாதிரி கறுத்த சேறு, நாற்றம் அங்கிருந்துதான். தண்ணீர் வருவதற்கு வழி செய்தவன் போவதற்கு வழி செய்யவில்லை. தினமும் 10 லிட்டர் வருகிறது, செடிகள் இன்னும் வேர் பிடிக்கவில்லை, குடிக்க ஆள் இல்லை. நீர் சரளையைத் தாண்டி மேலேறி மண்ணை முழுக்க மூழ்கடித்துவிட்டது. காற்றில்லாத சேற்றில் வாழ்கிற நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. அந்த வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு.

ஓடைக்கரையில் வளர்கிற செடியாயிற்றே, தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். ஓடையில் தண்ணீர் ஓடுகிறது, காற்றைக் கலந்துகொண்டு ஓடுகிறது. வேருக்கு ஈரம் மட்டும் போதாது, மூச்சும் வேண்டும். மறுநாள் சரளை மட்டத்துக்கு நேராக, 10 சென்டிமீட்டர் உயரத்தில், செங்கல்லை இரண்டு இடத்தில் துளைத்து வழிகுழாய் வைத்தேன். வாயில் கொசுவலை. கறுப்பாக ஒரு வாளித் தண்ணீர் வடிந்தது. இப்போது மிஞ்சுவது தானாக லோங்காங்குக்குப் போய்விடுகிறது. நாற்றம் நிற்க ஒரு வாரம் பிடித்தது.

அதற்குள் மூன்று புதர் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தபோது அவற்றைச் சேறு கொல்லவில்லை என்று தெரிந்தது. அவை மூன்றும் நான் நட்ட கடைசி மூன்று. சாயங்காலம் இருட்டிவிட்டது என்று அவசரத்தில் குழியை ஆழமாகத் தோண்டி, செடி சாயாமல் இருக்கட்டும் என்று உச்சிவரை மண்ணை அணைத்துவிட்டேன். கொண்டை உள்ளே கூழாகியிருந்தது. விரலால் அழுத்தினால் வேகவைத்த சேம்பு மாதிரி நசுங்கியது. கீரைத்தண்டு என்றால் கிள்ளிய இடத்துக்குக் கீழே கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்தச் செடிக்கு இலைக் காம்பில் கணுவே கிடையாது. எல்லாக் கொழுந்தும் அந்த ஒரே உச்சியிலிருந்துதான் புறப்பட வேண்டும். அத்தை ஜன்னல் பக்கம் வந்து சொன்னது அதைத்தான்.

மிச்சம் ஆறு. அவற்றைப் பிடுங்கி உச்சி மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரியும்படி திருப்பி நட்டேன்.

ஏழாவது வாரம் முதல் முஷ்டி கிளம்பியது. இதை ஒரு மூங்கில் குச்சியில் பேனாவால் கோடு போட்டு அளந்தேன், பையன் ஆர்வமாகச் சேர்ந்துகொண்டான். பார்த்த அன்று 4 சென்டிமீட்டர், செதில் போர்த்திய பட்டாணி மாதிரி. மூன்றாம் நாள் 13. ஐந்தாம் நாள் காலை 29, காம்பு பென்சில் தடிமன், நுனியில் ஐந்து சென் நாணயம் அளவுக்குச் சுருள். ஏழாம் நாள் 46. அன்று பக்கச் சுருள்கள் ஒவ்வொன்றாக வெளியே நீட்டத் தொடங்கின. பெரிய சுருளுக்குள் சின்னச் சுருள், அதற்குள் இன்னும் சின்னது. பத்தாம் நாள் 71, பாதிக்கு மேல் விரிந்துவிட்டது. இலை முழுதாக விரிந்து பச்சை கறுக்க இன்னும் இரண்டு வாரம். அதுதான் எங்கள் பாத்தியின் முதல் முழு இலை, சாப்பிட மனம் வரவில்லை.

அது ஏன் சுருண்டு வருகிறது என்று பையன் கேட்டான். இலை மொட்டாக இருக்கும்போது வெளிப்பக்கத்துச் செல்கள் முதலில் வேகமாக வளர்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் பின்தங்கினால் காகிதம் மாதிரி சுருள வேண்டியதுதான். பிறகு உள்பக்கம் வளர்ந்து ஈடுகொடுக்கும்போது சுருள் பிரிகிறது. நடுவில் பத்திரமாக இருப்பது இளம் நுனி. அது கடைசிவரை வளர்ந்துகொண்டே போகும். நாம் சாப்பிடுவது அந்த வளர்ச்சி முடியாத பகுதியை. அதனால்தான் அது நார் இல்லாமல் இருக்கிறது.

பறிக்கிற பதத்தை நான் அளந்து கற்றுக்கொள்ளவில்லை, அம்மாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காம்பை அடியிலிருந்து மேலே இரண்டு விரலால் தடவிக்கொண்டே வந்து லேசாக வளைப்பார். ஓர் இடத்தில் பட் என்று தானாக ஒடியும். அதற்குக் கீழே நார், மேலே கறி. வளைத்தும் ஒடியாமல் மடிந்தால் அந்தக் கொழுந்து கைவிட்டுப் போய்விட்டது, இலையாக விட்டுவிடலாம். ஒடித்த இடத்தில் கொஞ்சம் கொழகொழப்பு ஊறும், வெண்டைக்காயைவிடக் குறைவு. எங்கள் பாத்தியில் 25, 30 சென்டிமீட்டரில் பறித்தால் ஒரு சாணுக்கு மேல் இளசாகக் கிடைக்கிறது.

ருசி கண்டதும் பேராசை வந்தது. இரண்டு மாதம் எழுந்த கொழுந்தையெல்லாம் ஒடித்தேன். ஜூன் மாதத்தில் வந்தவை குச்சி மாதிரி மெலிந்து, பிறகு வருவதே நின்றது. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் என்று கீரைக்குச் சொல்கிற வழக்கத்தை இங்கேயும் நம்பியது தப்பு. ஒவ்வொரு கொழுந்தும் தண்டில் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்து எடுத்த பணம். விரிந்த இலை இருந்தால்தான் திரும்பப் போட முடியும். இப்போது ஒரு புதரில் குறைந்தது நான்கு முழு இலை இருந்தால் மட்டும் பறிக்கிறேன். மூன்று கொழுந்து வந்தால் ஒன்றை விரிய விடுகிறேன். பழுத்துச் சாய்ந்த இலையை மட்டும் அடியோடு வெட்டிப் பாத்தியிலேயே போர்த்திவிடுவேன்.

உரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஏர்கான் நீரில் சத்து எதுவும் இல்லாததால் மண்தான் எல்லாம் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை மட்கிய சமையலறைக் கழிவு இரண்டு கை. ஒருமுறை ஆட்டுச் சாணத்தை ஊறவைத்து ஊற்றினேன், செடிக்குப் பிடித்தது, வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பூச்சித் தொல்லை குறைவு. நத்தை மட்டும் வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவேன். நத்தை ஊர்ந்த கொழுந்தைப் பச்சையாகத் தின்பது ஆபத்து; எலி நுரையீரல் புழு என்று ஒன்று அவற்றின் வழியாக மனிதனுக்கு வந்து மூளையைத் தாக்கும்.

இதற்கிடையில் பாத்தியின் இரண்டு மூலையில் ஏதோ ஒரு களை. ஒரே வரிசையாகச் சிற்றிலை வைத்த குட்டிப் பெரணி. எங்களுடையதோ கிளைக்குள் கிளையாகப் பிரிந்த பெரிய இலை. தெரியாத பெரணி என்று நான்கைப் பிடுங்கிப் போட்டேன். ஐந்தாவதைப் பிடுங்கும்போது அது வரவில்லை. இழுத்தால் பக்கத்துப் புதரே ஆடியது. மண்ணை விலக்கினேன். பழைய புதரிலிருந்து கயிறு போல ஓர் ஓடுதண்டு ஒன்றரை அடி தள்ளிப் போய் அங்கே தலை தூக்கியிருந்தது. குட்டிச்செடியில் இலை இப்படி ஒற்றை வரிசையாகத்தான் வரும், வளர வளரத்தான் இரட்டைப் பிரிவாகும். பிடுங்கிப் போட்ட நான்கும் என் சொந்தப் பிள்ளைகள். குப்பைப் பையிலிருந்து எடுத்து நட்டதில் இரண்டு பிழைத்தன.

பெரிய அடி டிசம்பர் பள்ளி விடுமுறையில் விழுந்தது. குடும்பத்தோடு பதினாறு நாள் ஊரில் இல்லை. வெளியே நல்ல மழை, அதனால் செடியைப் பற்றிக் கவலையே படவில்லை. மேலே கூரை இருக்கிறது என்பதும், வீட்டில் ஆள் இல்லையென்றால் ஏர்கான் ஓடாது என்பதும் திரும்பி வந்து பின்கதவைத் திறந்த அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. நல்ல மழைக்காலத்தில், சுற்றிலும் லோங்காங் நிரம்பி ஓடும்போது, என் பாத்தி மட்டும் வறண்டு கிடந்தது. இலைகள் அப்பளம் மாதிரி. தொட்டால் நொறுங்கின.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பு, நாளைக்கு 5, 6 லிட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்தால் அடியில் இருந்த 50 லிட்டர் ஒன்பது, பத்து நாளில் தீர்ந்திருக்கும். மிச்ச ஒரு வாரம் சுத்தப் பட்டினி. காய்ந்த இலையை எல்லாம் வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொண்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. பத்தொன்பதாம் நாள் முதல் புதர் முஷ்டி காட்டியது, ஒரு மாதத்தில் எல்லாம் எழுந்துவிட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை. இப்போது கூரையின் மழைநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துப் பாத்தியில் விட்டிருக்கிறேன். வழிகுழாய் இருப்பதால் எவ்வளவு வந்தாலும் பயமில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஸ்போர், அதாவது பெரணிக்கு விதை மாதிரியான தூள், போட்டு வளர்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன், தோற்ற கதைதான். முற்றிய இலையைத் திருப்பினால் நரம்பு நெடுக மீன்முள் மாதிரி பழுப்புக் கோடுகள் இருக்கும். சில இடத்தில் ஒரே நரம்பின் இரு பக்கமும் இரண்டு கோடு முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். டிப்ளேசியம் என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு இரட்டை என்று பொருள். அப்படி ஒரு சிற்றிலையை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து ஒரு ராத்திரி விட்டால் காலையில் கோகோ பொடி மாதிரி தூள் உதிர்ந்திருக்கும். நார்த்தூளில் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, சாப்பாடு கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, அந்தத் தூளைத் தூவி மூடி ஜன்னலோரம் வைத்தேன்.

மூன்று வாரத்தில் பச்சைப் படலம். இரண்டு மாதத்தில் அரிசி அளவு இதய வடிவத் தகடுகள். புரோத்தாலஸ் என்பது இதுதான், வேர் தண்டு இல்லாத தனி உயிர். ஆண் அணு நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேர வேண்டும், அதற்கு ஒரு துளித் தண்ணீராவது வேண்டும். பெரணிகள் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் பாதி இங்கே இருக்கிறது. தினமும் விசிறித் தெளித்தேன். நான்காம் மாதம் தகட்டின் பிளவிலிருந்து நகம் அளவு முதல் இலை. பதினொரு செடியைத் தேறியதாகப் பிரித்து நட்டேன், வீட்டில் பெருமையும் பேசிவிட்டேன். விரல் நீளம் வளர்ந்ததும் எட்டுச் செடியில் காம்பு மங்கலாகத் தெரிந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் பூனைமயிர். பூச்சோக் பாக்குக் காம்பில் அப்படி மயிர் இருக்காது, மொழுமொழுவென்று இருக்கும். ஜன்னல் வழியாக வந்த ஏதோ ஒரு லோங்காங் பெரணியின் தூள் என் டப்பாவுக்குள் குடியேறி, எங்களுடையதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. ஓடுதண்டு தானாகவே கன்று போடும்போது இந்த வேலையெல்லாம் தேவையில்லை. ஆனாலும் அந்த இதயத் தகட்டை ஒருமுறை கண்ணால் பார்த்ததற்கு அந்த நான்கு மாதம் தகும்.

பாத்தியின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் தம்பி ஒரு செய்தியைத் தள்ளிவிட்டான்: பெரணி தின்றால் புற்றுநோய். அதில் பாதி உண்மை இருக்கிறது. பிராக்கன் என்ற பெரணியில் ப்டாக்விலோசைடு என்ற நஞ்சு உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இல் பிராக்கனை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கிற வரிசையில் வைத்தது. நாங்கள் வளர்ப்பது அந்த இனம் இல்லை, குடும்பமே வேறு. அதற்காகப் பச்சையாகத் தின்னலாம் என்று நான் சொல்லமாட்டேன். பல பெரணிகளில் பி1 வைட்டமினை அழிக்கிற தயமினேஸ் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது செயலிழக்கும். 1994இல் நியூயார்க்கிலும் மேற்குக் கனடாவிலும் அங்கத்திய தீக்கோழிப் பெரணிக் கொழுந்தை அரைவேக்காட்டில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. எங்கள் வீட்டில் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. தெரியாத பெரணியை அடையாளம் தெரியாமல் பறிப்பதும் இல்லை. என் சொந்தப் பாத்தியிலேயே எட்டு ஏமாற்றுக்காரர்கள் முளைத்தார்களே.

சமையல் அம்மாவுடையது. வெந்த கொழுந்தை விரல் நீளத்துக்கு நறுக்கி வைப்பார். நெத்திலியைப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த சிலி பாடி என்கிற ஊசிமிளகாய். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. கொழுந்தைப் போட்டுப் புரட்டி, தேங்காய்ப்பாலின் இரண்டாம் பாலில் ஒரு கொதி, இறக்கும்போது முதல் பால். நெத்திலியை மேலே தூவிச் சுடுசோறு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இதைப் பார்த்துவிட்டு நெகிரி செம்பிலானில் அவர்கள் செய்கிற மாசாக் லெமாக் என்ற தேங்காய்ப்பால் குழம்போடு ஒப்பிட்டார், மஞ்சள் இலை போடவில்லையே என்று குறைபட்டார். அடுத்த முறை போட்டோம். அவர் சொன்னதுதான் சரி. கூட்டுக்கு மட்டும் அம்மா யாரையும் கேட்கமாட்டார். துவரம்பருப்பு, சீரகம், தேங்காய், அவ்வளவுதான்.

லாபக் கணக்குப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இப்போது பத்துப் புதர், வாரம் பத்துப் பன்னிரண்டு கொழுந்து. ஒரு சமையலுக்கு இருபத்தைந்தாவது வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டு, 3 ரிங்கிட். போட்ட 180 ரிங்கிட் திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு மேல். ஆனால் அம்மா பாதியைக் குப்பையில் போடுவது நின்றுவிட்டது. பறித்துப் பத்து நிமிடத்தில் அடுப்பில் இருக்கிறது.

இதையே யாராவது செய்வதாக இருந்தால் ஏர்கான் சர்வீஸ் விஷயத்தில் கவனம். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவார்கள். கழுவுகிற ரசாயனம் முழுவதும் அதே கழிவுநீர்க் குழாய் வழியாகத்தான் இறங்கும். முதல் தடவை நான் மறந்துவிட்டேன். பாத்தியின் துளைகளில் வெள்ளையாக நுரை வருவதைப் பார்த்து ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கி எறிந்தேன், அதற்குள் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஹோஸ் வைத்து அரை மணி நேரம் அலசி வழியவிட்டு, அந்தப் பக்கத்துக் கொழுந்தை ஒரு மாதம் பறிக்காமல் விட்டோம். பிறகு அந்த மூட்டைப் பசை போடாமல் கையால் கழற்றுகிற மாதிரி மாற்றினேன். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் தெரியட்டும் என்று, சுவரில் பெரிய எழுத்தில் மலாயில் ஒரு அட்டை ஒட்டினேன்: "அவாஸ், பாக்கு. சாபுட் பாய்ப் டூலு." ஜாக்கிரதை, பெரணி இருக்கிறது, முதலில் குழாயைக் கழற்று என்று அர்த்தம்.

அடுத்த சர்வீஸுக்கு ஒரு புதுப் பையன் வந்தார். அட்டையைப் படித்தார். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிமென்ட் தரையைக் கூர்ந்து பார்த்தபடி நுனிக்காலில் நடந்து பாத்திவரை போனார், திரும்பினார். "அங்கிள், மானா பாக்கு?" என்றார். எங்கே என்கிறார். நான் பாத்தியைக் காட்டினேன். அவர் பெரணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறமும் நம்பாமல் ஒரு காலைத் தூக்கிச் செருப்பின் அடியில் ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.